விக்கிரவாண்டிக் கப்பலின் கொடி

கலையரசி போராடி வென்றவை இவை. ஆறாம் வகுப்பில் வட்டார ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு. மற்றப் பிள்ளைகள் இருபத்து நான்கு வண்ணப் பென்சில்கள் உள்ள பெட்டியோடு வந்திருந்தார்கள். அவளிடம் இருந்தவை மூன்று, அதில் ஒன்று வெள்ளை. பரிசாகக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா, மூடி பொருந்தாதது. பத்தொன்பதாம் வயதில் சாரத்தின் மேல் ஏறும் உரிமை. பெண் ஏறினால் வேலை விளங்காது என்று சொல்லிக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு ஒருநாள் மூன்றாவது மாடி உயரத்தில் தலை சுற்றியதால் அது கிடைத்தது. இருபத்திரண்டாம் வயதில் இரண்டு மாப்பிள்ளைகளிடமிருந்து விடுதலை. முதலாமவர் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்றார். இரண்டாமவர் போகலாம், ஆனால் கையில் பெயிண்ட் கறை இருக்கக் கூடாது என்றார். இருபத்து மூன்றில் சொந்தமாக ஓர் அலுமினிய ஏணி. இருபத்து நான்கில், அந்த ஏணியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளக் கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் ஒரு கண்டக்டரின் சம்மதம். இந்தக் கடைசி வெற்றிக்கு மட்டும் மூன்று மாதம் பிடித்தது.

இவற்றின் வயதும் வருடமும் பிசகாமல் தெரிந்தவர் அவளுடைய அண்ணன் ஆரோக்கியராஜ். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர். எலக்ட்ரீசியன். எந்த வீட்டில் ஒயரிங் முடித்தாலும் ஸ்விட்ச் பெட்டி மூடியின் உட்புறம் தேதியும் ஒயரின் கனமும் எழுதிவிட்டுத்தான் மூடுவார். பின்னால் திறக்கிறவன் தடவிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. தங்கை விஷயத்திலும் அதே ஒழுங்குதான்.

அவள் வெல்லாதது ஒன்று இருந்தது. திண்டிவனத்தில் சின்னதுரை என்பவரிடம் ஏழு வருடமாக சுவரோவிய வேலை செய்தாள். ஆரோக்கியராஜ் எண்ணியபடி நூற்று நாற்பத்து மூன்று சுவர்கள். மழலையர் பள்ளிக் காண்டாமிருகம், ஒன்பதாம் வாய்ப்பாடு, விழுப்புரத்தில் ஒரு கண் மருத்துவர் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கண், கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கோயிலில் தண்ணீர் மேல் நடக்கும் இயேசு. எல்லாச் சுவரிலும் கீழே வலது மூலையில் ‘துரை ஆர்ட்ஸ், திண்டிவனம்’ என்று இருக்கும், அதன் கீழ் செல் நம்பர். முழங்கால் தேய்ந்துபோனதால் சின்னதுரை ஏணி ஏறி ஐந்து வருடம் ஆகிறது. கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் நீலம்” என்பார். நீலமே இல்லாத படத்துக்கும் சொல்வார். படம் முடிந்ததும் தரையில் மண்டியிட்டு அவரே பெயரை எழுதுவார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் முழங்கால் மடங்கியது.

கலையரசிக்கு ஒரு சுவரின் மூலையில், ஒரே ஒரு சுவரில், தன் பெயர் வேண்டும். வேறெதையும் அவள் சின்னதுரையிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. இதை வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்டாள்.

2023 மே மாதக் கடைசியில், விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி ஹோட்டல் வைத்திருக்கும் ஜெகதீசன் ஒரு ஏசி ஹால் கட்டி முடித்தார். முப்பாட்டன் காலத்திலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிட்ட குடும்பம். ரோடு அகலமானபோது நிலத்தின் ஓரம் ஹோட்டலாயிற்று. ஒயரிங் ஆரோக்கியராஜுடையது. ஹாலின் நீளச் சுவர் பதினெட்டடிக்கு ஒன்பதடி, வெறுமையாக நின்றது. பக்கத்து ஹோட்டல்காரர் ஏழு குதிரைகள் ஓடுவதுபோல் வரைந்து வைத்திருந்தார். அதனால் இவருக்குக் குதிரை கூடாது. எதிர் ஹோட்டலில் அருவி. அதனால் அருவியும் கூடாது. பெங்களூரில் வேலையிலிருக்கும் மகன் போனில் ஒரு படம் அனுப்பினான். இருநூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் யாரோ வரைந்த கடற்பயணம். மேகம் கிழிந்து ஒரு பக்கம் ஒளி விழுகிறது. பாய்மரம் முறிந்த கப்பல் ஒன்று அலையின் மேல் சாய்ந்து போகிறது. உச்சியில் கிழிந்த கொடி. பின் தட்டில் ஓர் ஆள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தைப் பார்த்து நிற்கிறான்.

“கப்பலுன்னா செல்வம். இத்தயே போட்டுடு” என்றார் ஜெகதீசன்.

வரைவதற்கு ஆரோக்கியராஜ் தங்கையைத்தான் சொன்னார். ஆனால் வேலை சின்னதுரையின் பெயரில்தான் வந்தது. முதல் நாள், ஜூன் பன்னிரண்டு, திங்கட்கிழமை, சுவரில் கட்டம் போட நூல் பிடித்துக்கொண்டே கலையரசி கேட்டாள்.

“துரை அண்ணா, இது மட்டும் முழுக்க நான் போட்டுக்கறேன். மூலைல உங்க பேருக்குக் கீழ என் பேரும் சின்னதா போட்டுக்கட்டுமா?”

சின்னதுரை நாற்காலியைச் சுவரை நோக்கித் திருப்பினார். “போட்டுக்க. பேரப் போட்டா நம்பரும் போடணும். நாளைக்கு எவனாச்சும் அந்த நம்பர பாத்துட்டு கூப்புடுவான். பொம்பளப் புள்ள கொரலு கேக்கும். ராங் நம்பருன்னு வச்சிடுவான். அடுத்த சொவுரு உங்க அண்ணன் குடுப்பானா?”

“குடுப்பேன். எங்கூட்டு செவுரு காலியாத்தான் இருக்குது” என்றார் மேலே ஒயர் இழுத்துக்கொண்டிருந்த ஆரோக்கியராஜ்.

“நீ கரண்ட்ட பாருப்பா. ஷாக் அடிச்சிடப் போவுது.”

பேச்சு அதோடு நின்றது. வேலை நிற்கவில்லை. நான்காம் நாள் அடிக்கோடு முடிந்தபோது ஜெகதீசன் வாஸ்து பார்க்கிற வெங்கடாசலத்தை அழைத்து வந்தார். வெங்கடாசலம் ஒரு காம்பஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். கப்பலின் மூக்கு வலது பக்கம், வாசலை நோக்கி இருந்தது.

“கப்பல் வெளிய போவுதே. வர்ற வியாபாரத்தை ஏத்திக்கினு போயிடும். கல்லாவப் பாக்க திருப்புங்க” என்றார் வெங்கடாசலம்.

கலையரசி போன் படத்தையே இடவலமாகத் திருப்பிக் காட்டினாள். “அப்படியே மொத்தமா திருப்பிடறேங்க.”

“மொத்தமா வேணாம். வெளிச்சம் கெழக்குலதான் இருக்கணும். கெழக்கு வாசப்பக்கம். கப்பல மட்டும் திருப்பு.”

“காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு ஒண்ணு இருக்குதுங்களே. அலை ஒரு பக்கம் போவும், பாய் ஒரு பக்கம் போவும், கொடி எந்தப் பக்கம்னு பறக்கும்?”

“வாஸ்துல காத்து வாயு மூலை. அத்த நான் பாத்துக்கறேன்” என்றார் வெங்கடாசலம்.

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. கலையரசி கப்பலை மட்டும் கல்லாப் பக்கம் திருப்பினாள். இரண்டு நாள் யோசித்து, கொடியைப் பறக்கவிடாமல் மரத்தோடு சுற்றித் தொங்கவிட்டாள். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் பொருந்தும். அடுத்தது நிறம். மூலப்படத்தில் கொடி சிவப்பு. இந்த மாவட்டத்தில் சுவருக்குச் சிவப்பு அடிக்கலாம், கொடிக்கு அடிக்கக் கூடாது. நீலம், மஞ்சள், பச்சை, கறுப்பு, அவற்றின் ஜோடிகள் எதையும் தொட முடியாது. ஒவ்வொன்றுக்கும் சொந்தம் கொண்டாட ஒரு கட்சி இருக்கிறது. வெள்ளை அடிக்கலாமென்றால், “தோத்துப்போயி சரணடையற கப்பலா?” என்றார் ஜெகதீசன். அவள் குவளைகளின் அடியில் மிஞ்சியிருந்ததையெல்லாம் ஒன்றாக ஊற்றிக் கலக்கினாள். பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம் வந்தது. அதையே அடித்தாள்.

பிறகு சுவரின் கீழே, ஏசிக்கும் விளக்குகளுக்குமான ஸ்விட்ச் பெட்டி. இரும்புப் பெட்டி, ஆரோக்கியராஜ் மாட்டியது. இடம் மாற்றினால் சுவரைத் திரும்ப வெட்ட வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டதால், தங்கை அதைச் சுற்றிலும் அலை மோதும் பாறையாக்கினாள். பாறைக்கு ஒரு கதவும் கைப்பிடியும் இருந்தன.

முதுகைக் காட்டி நிற்கிற ஆளையும் திருப்பச் சொன்னார் ஜெகதீசன். சாப்பிட வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டுவது மரியாதையா என்றார். அந்த இடத்தில் மட்டும் கலையரசி விட்டுக்கொடுக்கவில்லை. படத்தின் உயிரே அவன் பார்க்கிற தூரம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால் வேறு மாதிரி சொன்னாள்.

“அவன் உங்க கல்லாவப் பாத்துக்கினு நிக்கறான் மொதலாளி. கண்ண இந்தப் பக்கம் திருப்புனா கல்லாவ யாரு பாக்கறது?”

ஜெகதீசன் யோசித்தார். முதுகு தப்பியது.

ஆடி பிறப்பதற்குள் ஹாலைத் திறந்தாக வேண்டும் என்பதால் ஜூலை பதினொன்றாம் தேதி வேலை முடிந்தது. சின்னதுரை மண்டியிட்டார். பெயர் எழுதினார். கலையரசி தூரிகைகளைக் கெரசினில் கழுவிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தாள். ஆரோக்கியராஜ் படத்துக்கு மேலே ஆறு பல்புகள் பொருத்தினார். மஞ்சள் வெளிச்சம் தருபவை, ஒவ்வொன்றும் பன்னிரண்டு வாட். சாப்பாடு நன்றாகத் தெரியும் என்று கடைக்காரர் சொன்னதால் வாங்கியவை.

மூன்று வாரம் எந்த வம்பும் இல்லை. ஜனங்கள் கப்பலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள், தோசை சாப்பிட்டார்கள், போனார்கள். கப்பலுக்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, படித்த ஒருவர் சாப்பிட வந்தார்.

பெயர் சீனுவாசன். புதுச்சேரியில் ஓவியப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சென்னையிலிருந்து காரில் விழுப்புரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாதா கோயிலில் பூசை முடிந்து கலையரசியும் ஆரோக்கியராஜும் ஹோட்டலுக்கு வந்திருந்தார்கள். பாறையின் கதவைத் திறந்து திறந்து மூடியதில் பெயிண்ட் உரிந்திருந்தது. அவள் அதற்கு மறுபடி பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் கை கழுவியவர், துடைக்க மறந்து படத்தின் முன் நின்றார்.

“இது ரொமாண்டிக் காலத்து ஓவியம்” என்றார்.

மேசை துடைக்கிற சின்னபொண்ணு நிமிர்ந்தாள். “ரொமாண்டிக்னா ஜோடி எங்க சார்? ஒத்த ஆளு முதுகக் காட்டிக்கினு நிக்கறான்.”

“அது வேறம்மா. அந்தக் காலத்துல கடலுன்னா கடல் கிடையாது, கப்பலுன்னா கப்பல் கிடையாது. எல்லாம் குறியீடு. கப்பல்தான் மனுஷ வாழ்க்கை. ஒரு சமூகம்னும் சொல்லலாம், ஒரு நாடுன்னும் சொல்லலாம். மரம் முறிஞ்சிருக்கு பாருங்க, முழுகத்தான் போகுது. அந்த ஒளிதான் இறைவன். ஆனா இவர் ஒண்ணு பண்ணியிருக்கார், மூலத்துல இல்லாதது. வெளிச்சம் ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம். அருளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மனுஷன் போறான். எவ்வளவு பெரிய துணிச்சல்.”

வெங்கடாசலத்தின் காம்பஸ்தான் அந்தத் துணிச்சல் என்பது ஆரோக்கியராஜுக்குத் தெரியும். 

“இந்தக் கொடி. புயல் அடிக்குது, ஆனா பறக்கல. நம்பிக்கை செத்துப்போன கொடி. கீழ இந்தப் பாறை. இதுதான் மரணம். இதுல மோதித்தான் எல்லாம் முடியும்.”

“அது ஸ்விட்ச் பாக்ஸ் சார்” என்றாள் கலையரசி. கதவைத் திறந்தும் காட்டினாள்.

“மரணத்தத் தொறந்துதான் நாங்க ஏசி போடறோம்” என்றாள் சின்னபொண்ணு.

பேராசிரியர் சிரிக்கவில்லை. கலையரசியை இரக்கத்தோடு பார்த்தார். “உங்களுக்கு அது ஸ்விட்ச் பாக்ஸ்மா. வரைஞ்சவர் மனசுல அது என்னவா இருந்துச்சோ. யாரு வரைஞ்சது?”

ஜெகதீசன் மூலையைக் காட்டினார். “துரை ஆர்ட்ஸ் சார். திண்டிவனம்.”

“இவதான் சார் வரைஞ்சது. பதினெட்டுக்கு ஒம்பது, இருபத்தாறு நாள் வேலை. துரை அண்ணன் நாற்காலியில இருந்தாரு” என்றார் ஆரோக்கியராஜ்.

“கை இவங்களோடதா இருக்கலாம். கருத்துன்னு ஒண்ணு இருக்கில்ல” என்றார் பேராசிரியர். பிறகு கலையரசியிடம், “குருகிட்ட நல்லா கத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“சரிங்க சார்” என்றாள் அவள். கதவை மூடி, கைப்பிடிக்குக் கடைசிப் பூச்சு பூசினாள். 

பேராசிரியர் பேசியதைப் பில் போடுகிறவர் போனில் வீடியோ எடுத்திருந்தார். நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. ஜெகதீசன் அதைப் பெருமையோடு தன் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். கப்பல்தான் சமூகம், அது முழுகப் போகிறது, கொடி செத்துவிட்டது என்று மூன்றே நாளில் விக்கிரவாண்டி முதல் திண்டிவனம்வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. செத்த கொடி யாருடையது என்பதைப் பேராசிரியர் சொல்லவில்லை. ஜனங்கள் நேரில் வந்து பார்த்துக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் பார்த்தது நீலமாக இருந்தது. தங்கள் கட்சிக் கொடியை முழுகும் கப்பலில் கட்டித் தொங்கவிட்டிருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். விளக்கு போட்ட பிறகு டிபனுக்கு வந்தவர்கள் பார்த்தது மஞ்சளாக இருந்தது. அவர்கள் வேறு கட்சி. அவர்களும் அப்படியே நினைத்தார்கள். இரண்டு கட்சிகளின் பெயரும் இங்கே வேண்டாம். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி காலையிலிருந்து சின்னதுரையின் போனுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. பெண் குரல் கேட்கும் கஷ்டம் யாருக்கும் ஏற்படவில்லை, சின்னதுரையே எடுத்தார். சுவர் வேலைக்காரர்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு: மூலையில் பெயர் யாருடையதோ அவர்தான் சுவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சாயம் உரிந்தாலும் அவர்தான், சண்டை வந்தாலும் அவர்தான். பதினோரு பேருக்குப் பதில் சொன்ன பிறகு, மறுநாள் அவர் ஷேர் ஆட்டோவில் விக்கிரவாண்டி வந்து இறங்கினார், மண்டியிட்டார், ‘துரை ஆர்ட்ஸ்’ மேல் வெள்ளையும் சாம்பலும் தொட்டு ஒரு அலை வரைந்தார். நன்றாகவே வந்திருந்தது. ஐந்து வருடத்தில் அவர் தனியாக வரைந்த ஒரே அலை. போகும்போது ஜெகதீசனிடம், “இத்த யாரு போட்டாங்கன்னே எனக்குத் தெரியாதுப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் போன் அணைந்தே இருந்தது.

பதினேழாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு தரப்பும் ஹோட்டலில் கூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று மதியமே ஜெகதீசன் ஆரோக்கியராஜைப் போனில் கூப்பிட்டார்.

“ஆரோக்கியம், நாளைக்கு காலைல ஒயிட் வாஷ் ஆளு வர்றான். உன் பல்ப கழட்டிக்க. கொடிய மட்டும் அழிக்கலாமுன்னு பாத்தேன். எவன் கொடிய அழிச்சன்னு ரெண்டு பேரும் வருவானுங்க. மொத்தமா அடிச்சிட்டா யாருக்கும் இல்ல.”

ஆரோக்கியராஜ் தங்கையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார். நூற்று நாற்பத்து நாலாவது சுவர் பெயரில்லாமலே போகப் போகிறது என்பதை அவள் வேறு யார் வாயாலும் கேட்க நேரக் கூடாது என்றுதான் சொன்னார். அவள் தூரிகைப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். மதியக் கட்சிக்காகப் பேசியவர் உரக்கடை வைத்திருக்கிற சவுரிராயன். சாயங்காலக் கட்சிக்குச் செல்வகுமார், கரும்பு லாரி ஓட்டுகிறவர். ஜன்னல் திரைகள் பாதி இறங்கியும், விளக்கு பாதி எரிந்தும் இருந்ததால் இரண்டு பேருக்குமே தாங்கள் பார்த்ததுதான் தெரிந்தது.

“எங்க நீலத்த எங்கியா கொண்டாந்து கட்டியிருக்கீங்க? முழுவுற கப்பல்ல?” என்றார் சவுரிராயன்.

“நீலமா? உனுக்கு கண்ணு இன்னாத்துக்கு இருக்குது? மஞ்சள் அது. எங்குளுது” என்றார் செல்வகுமார்.

“அண்ணா” என்றாள் கலையரசி, ஆரோக்கியராஜைப் பார்த்து. “லைட்ட அமத்து. திரையத் தூக்கு.”

ஆரோக்கியராஜ் பாறையின் கதவைத் திறந்து ஆறு பல்புகளையும் அணைத்தார். சின்னபொண்ணு திரைகளைத் தூக்கினாள். சாயங்கால வெளிச்சம் ஹாலுக்குள் வந்தது. கொடி நீலமாயிற்று.

“இப்ப திரைய எறக்கு. லைட்டப் போடு.”

கொடி மஞ்சளாயிற்று. இருபது பேரும் கிட்டே வந்து பார்த்தார்கள். ஆரோக்கியராஜ் இன்னும் இரண்டு தடவை போட்டு அணைத்துக் காட்டினார். வம்புக்குப் பாதிக் காரணம் தன்னுடைய பன்னிரண்டு வாட்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதைச் சொல்வதற்கு அது நேரமில்லை என்றும் பட்டது.

“கொவளையில மிச்சம் இருந்த பெயிண்டுங்க. யாரு கொடியும் இல்ல” என்றாள் கலையரசி.

அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. சவுரிராயனின் முகம் மெதுவாக மலர்ந்தது. “அப்ப லைட்டு போட்டா அவனுங்க கொடிதான் முழுவுது” என்றார் தன் ஆட்களிடம்.

“பகல்ல வந்து பாரு மாமா, உங்குளுது எப்பிடித் தொங்குதுன்னு” என்றார் செல்வகுமார், அவரும் சந்தோஷமாக.

இரண்டு தரப்புக்கும் படம் பிடித்துப்போயிற்று. இப்போது வேறு பிரச்சினை வந்தது. இதை யாரும் மாற்றிவிடக் கூடாது. ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த கட்சிக்காரன் வந்து ஒரு கை பூசிவிட்டால்? கொடி இதே நிறத்தில் இருக்க வேண்டும், அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

“வரைஞ்சது யாருய்யா? பேரு எங்க? எல்லாச் செவுத்துலயும் ஒரு பேரு இருக்குமே” என்றார் சவுரிராயன், மூலையைக் குனிந்து பார்த்து. அங்கே சின்னதுரையின் அலை இருந்தது.

ஜெகதீசன் சின்னதுரைக்குப் போன் போட்டார். அணைந்திருந்தது. திரும்பவும் போட்டார். பிறகு கையை விரித்தார். “பேரில்லாத படம் என் ஹால்ல வேணாம். நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் என் கல்லாவுல வந்து நிப்பீங்க. யாராச்சும் கையெழுத்துப் போட்டா இருக்கட்டும். இல்லன்னா காலைல சுண்ணாம்பு.”

 கலையரசி தோளிலிருந்து பையை இறக்கினாள்.

ஏழு வருடமாக எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதன் மூலையை முதலில் பார்த்து மனம் கசந்தவர் ஆரோக்கியராஜ். அந்தப் பெயர் வர வேண்டும் என்று மயிலம் முருகன் கோயிலில் முட்டிபோட்டுப் படியேறாத குறை. அவர் கிறிஸ்தவர் என்பதால் அதைச் செய்யவில்லை. இப்போது தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

“வேணாம் கலை. இது பேரு இல்ல, பேஜாரு. தேர்தல் வருது. எந்தப் பய வந்து எத்தக் கேப்பான்னு தெரியாது. நீ ஒண்டியா பஸ்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கற. வேற சொவுரு கெடைக்கும்.”

“ஏழு வருசமா கெஞ்சிக் கேட்டேண்ணா. இன்னிக்குத்தான் யாருக்கும் வேணாம்னு எனக்குக் கெடைக்குது. இதையும் விட்டுட்டா அடுத்து எப்ப?”

ஆரோக்கியராஜ் கையை விட்டார். “அப்ப நம்பராச்சும் என்னுது போடு. வர்ற ஃபோன நான் எடுத்துக்கறேன்.”

“பேரு என்னுது, நம்பர் உன்னுதா?”

செல்வகுமார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சவுரிராயன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். அவள் எந்த நிறத்தைத் தொடப் போகிறாள் என்று இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலையரசி பாறைக்கு அடித்த பழுப்பைத் தொட்டாள். அந்த நிறத்தில் இந்த மாவட்டத்தில் எந்தக் கட்சியும் கிடையாது.

தரையில் உட்கார்ந்தாள். சின்னதுரையின் அலைக்குப் பக்கத்தில், நான்காம் நம்பர் தூரிகையால், பத்து இலக்கமும் பிசகாமல் தன் செல் நம்பரை முதலில் எழுதினாள். “சின்னதா போட்டா போதும்மா” என்றார் ஜெகதீசன். அவள் நம்பருக்கு மேலே பெயரை எழுதினாள். துரை ஆர்ட்ஸ் எந்தச் சுவரிலும் இருந்ததைவிட அது ஒரு விரற்கடை பெரியதாக இருந்தது.  தூரிகையைத் திரும்பத் தொட்டுக்கொண்டு, துரை ஒருநாளும் போடாத ஒன்றையும் கீழே போட்டாள்: 17.8.2023.